வெள்ளைச் சட்டையோடு கடலில் இறங்கியவன்

முதலில் நான் கட்டினவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாடிவீடு நான் கட்டினது. எங்கள் ஒழுங்கையில் முதல் மாடி இதுதான். மணலில் அத்திவாரம் நிற்காது என்று இரண்டு மேசன்மார் சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாவது மேசனுக்கு நானே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன். நிற்கிறது. வளவுக்குள் இருக்கிற கிணறு நான் வெட்டினது. சுற்றிவர எல்லாம் உப்புத் தண்ணி, என்னுடையது மட்டும் வாயில் வைக்கலாம். சீமெந்துக் கல் அரிகிற வாடி ஒன்று வைத்தேன், இந்தக் கரையில் பாதி வீடு என் கல்லில்தான் நிற்கிறது. இந்தியாவில் முகாமில் பதினெட்டு வருசம் இருந்துவிட்டு இரண்டு பையோடு திரும்பி வந்தவன் நான். மற்றச் சம்மாட்டிமார் வீசிவிட்ட வலைத் துண்டுகளைப் பொறுக்கி, நானும் மனுசியும் இருந்து பொத்திப் பொத்தி ஒரு கரைவலையாக்கினோம். சொந்த வலையும் இழுக்க ஆட்களும் உள்ளவன்தான் சம்மாட்டி; அந்த வலையோடு நானும் ஒருத்தன் ஆனேன். இத்தனைக்கும் நான் படித்தது நாலாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை.

எங்கள் வேதக் கோயிலின் தெற்குப் பக்க மதிலும் என்னுடையதுதான். கல்லும் நான், கூலியும் நான். ஆனால் பேர் பொறித்த கல்லில் என் பேர் இல்லை. மூன்று பங்குச் சுவாமிமார் மாறும்வரை போய்ப் போய்க் கேட்டேன். கடைசியில் மூன்றாவது சுவாமி அலுத்துப்போய்ப் புதுக்கல் வைத்தார். இப்போது என் பேர் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

இதெல்லாம் பெருமைப் புளுகுக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் புளுகும்தான். ஆனால் சொல்ல வருகிறது வேறு. செய்த வேலையில் என் பங்கை நான் ஒருத்தருக்கும் விட்டுக்கொடுத்தவன் இல்லை. ஒரே ஒருக்கால் விட்டுக்கொடுத்தேன். அது இந்த மாடியில் இருந்த இரண்டு பொடியன்களோடு பட்ட விசயம்.

முகாமில் இருந்து திரும்பின குடும்பங்களில் நாலைந்து பேர் அங்கேயே மோர்மன் என்கிற சபையில் சேர்ந்தவர்கள். அவர்களுக்குத் துணையாக வெளிநாட்டில் இருந்து இரண்டு பேர் ஊழியத்துக்கு வருகிறார்கள், மேல்வீட்டைத் தரமுடியுமா என்று என்னிடம் கேட்டார்கள். முகாமில் ஒரே வரிசையில் நின்று அரிசி வாங்கின ஆட்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்லுகிறது? கொடுத்தேன்.

வந்தவர்களில் ஒருத்தன் அமெரிக்கன், மெலிந்தவன், கண்ணாடி போட்டவன். அவனுடைய ஊரில் மலைதான், கடல் கிடையாது. மற்றவன் தொங்கா என்கிற தீவுக்காரன். எங்கே இருக்கிறது என்று உலகப் படத்தில் காட்டினான். நீலத்துக்கு நடுவில் ஈ எச்சம் மாதிரி ஒரு புள்ளி. ஆள் மட்டும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான். இரண்டு பேருக்கும் இருபது, இருபத்தொன்று இருக்கும். பேர்கள் என் வாயில் நுழையவில்லை. நான் தொங்காக்காரனைப் பெரியவன் என்றும் அமெரிக்கனைச் சின்னவன் என்றும் கூப்பிட்டேன். சட்டையில் கறுப்புப் பட்டியில் பேர் குத்தியிருந்தும் ஊரே பிறகு அப்படித்தான் கூப்பிட்டது.

வந்த அன்றைக்கு மனுசி தேத்தண்ணி கொண்டுபோனாள்.

"குடியுங்கோ தம்பிமார்."

"மன்னிக்கவும் அம்மா. நாங்கள் தேநீர் அருந்துவதில்லை," என்றான் பெரியவன்.

மனுசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதென்னப்பா, றேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரிக் கதைக்குது பிள்ளை?"

"அப்ப கோப்பி?" என்றேன் நான்.

"கோப்பியும் இல்லை ஐயா."

"சாராயம், சிகரெட்?"

"இல்லை ஐயா."

"கலியாணம் கட்டியாச்சோ?"

"இல்லை ஐயா."

"அப்ப என்னத்துக்கடாப்பா இவ்வளவு தூரம் பிளேனில வந்தனீங்கள்?"

சின்னவனுக்கு விளங்கவில்லை. பெரியவன் விளங்கிச் சிரித்தான். அந்தச் சிரிப்போடு எனக்கு அவனைப் பிடித்துப்போனது. மனுசி அன்றிலிருந்து தேசிக்காய் பிழிந்து தண்ணி கரைத்து வைத்தாள்.

அவர்களுடைய நாளை நான் கீழே இருந்தே சொல்லுவேன். காலமை ஆறரைக்கு மேலே தொம் தொம் என்று கேட்கும், பெரியவன் உடற்பயிற்சி செய்கிறான். பிறகு சத்தம் இல்லை, முழங்காலில் நிற்கிறார்கள். பிறகு புத்தகம். ஒருத்தன் தமிழ்ச் சொல்லை வாசிக்க மற்றவன் திருப்பிச் சொல்லுவான். பத்து மணிக்குக் கழுத்துப் பட்டியும் கட்டி, நீளக் காற்சட்டையும் போட்டு, எங்கள் வெயிலில் சைக்கிளில் இறங்குவார்கள். ஒருத்தனை விட்டு ஒருத்தன் போகமுடியாது; அது அவர்களுடைய விதி. ஒருத்தன் கடைக்குப் போனால் மற்றவன் கடை வாசலில். இரண்டு வருசம் இப்படி. சம்பளமும் கிடையாது. திங்கட்கிழமைதான் உடுப்புத் தோய்க்கிற நாள். அன்றைக்குத்தான் வீட்டோடு முகம் பார்த்துக் கதைப்பார்கள். ஒரு திங்கள் கழுதை ஒன்று வளவுக்குள் புகுந்து கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையில் ஒரு கையைச் சப்பிவிட்டது. சின்னவன் மிச்சத்தை வெட்டி அரைக்கைச் சட்டையாக்கிப் போட்டுக்கொண்டு திரிந்தான்.

ஊர் அவர்களை வாங்கோ என்று இருத்தும், கதைக்கும், ஆனால் ஒருத்தரும் மாறவில்லை. மனுசி ஒரு நாள் நேரே கேட்டாள்: "தம்பி, நாங்களும் வேதக்காறர்தானே. வேதக்காறருக்கு ஏன் திரும்ப வேதம்?" பெரியவன் தலையைச் சொறிந்துவிட்டு, "அம்மா, விறகு கொத்தித் தரட்டுமா?" என்றான். கொத்தினான். ஒரு மாதத்து அடுப்புக்குக் காணும்.

அவனுக்குக் கடலில் ஒரு கண். தகப்பன் மீன்பிடிகாரன், அவனும் நடக்க முதல் நீந்தினவன். பின்னேரத்தில் கரைக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அலை வந்து முடிகிற இடத்தில் சரியாக நிற்பான். கணுக்கால் நனையும். அதற்கு மேல் ஒரு அடி வைக்கமாட்டான். ஊழியத்தில் இருக்கும்வரை நீந்தக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது அவர்களுக்கு.

"இறங்கடாப்பா," என்றேன் ஒரு நாள். "இஞ்ச ஆர் பாக்கப்போகினம்?"

"நான் பார்க்கிறேன் ஐயா," என்றான்.

பிறகு அவனே சொன்னான், அந்தச் செய்தி வாசிக்கிற தமிழில். புறப்படும்போது தகப்பன், போன வேலையை முழுதாகச் செய்துவிட்டு வா என்று மட்டும்தான் சொன்னாராம். திரும்பிப் போய் அவருக்கு முன்னால் நின்று, ஒரு விதியும் மீறவில்லை அப்பா என்று சொல்லவேண்டும். இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அந்தச் சொல்லைத்தான் தான் ஊருக்குக் கொண்டுபோகப்போவதாகச் சொன்னான். வேறு என்ன கொண்டுபோகிறது, கழுதை சப்பின சட்டையையா என்று நான் பகிடி விட்டேன். ஆனால் எனக்கு விளங்கியது. இது எனக்கு விளங்கியிருந்தது என்பதை வாசிக்கிறவர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

கரையில் நின்று இழுக்கத் தடை இல்லை. கிழமையில் இரண்டு நாள் இரண்டு பேரும் வந்து என் கரைவலையில் கைகொடுத்தார்கள். வள்ளம் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வரும். அதன் இரண்டு நுனிக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு வரிசையாக இழுக்கவேண்டும். கடைசியில் வருகிற பைதான் மடி, மீன் அதற்குள். கயிற்றில் கைவைத்தவனுக்கு மீனில் பங்கு, அவன் வழியால் போனவனாக இருந்தாலும். இது கரையின் வழக்கம். இவர்கள் மட்டும் வேண்டாம் என்றார்கள். "உதவிக்குத்தான் ஐயா." நான் விடவில்லை. அவர்களுடைய பங்கை ஓலையில் கோர்த்துக் கதவுப் பிடியில் கொழுவிவிட்டு வருவேன். பெரியவன் அதைத் தேங்காய்ப்பாலும் தேசிக்காயும் விட்டு அவனுடைய ஊர் முறையில் ஆக்குவான். சின்னவன் முள்ளுக்குப் பயந்து பயந்து சாப்பிடுவான்.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. உயிலங்குளத்தில் ஒரு கலியாணம், என் ஆட்களில் இளம் பொடியன்கள் எல்லாரும் அங்கே. வலை இழுக்க நானாட்டானில் இருந்து எடுக்கிற உழவு இயந்திரம் பழுதாகி முருங்கனில் நின்றது. வலை போடக்கூடாத நாள். ஆனால் சூடை மீன் கூட்டமாக வந்து கடல் கறுத்துக் கிடந்தது. பக்கத்துச் சம்மாட்டி வலை போட்டுவிட்டான். அவன் போட நான் பார்த்துக்கொண்டு நிற்கிறதா? போட்டேன்.

இழுக்க நின்றது கிழடுகளும் பெண்களும் இந்த இரண்டு பேரும். பாதி இழுத்த பிறகு வலை நின்றுவிட்டது. மூழ்கித் தாண்டுபோன பழைய வள்ளம் ஒன்றின் இரும்பு கீழே கிடக்கிறது. அதில் மடி கொழுவிவிட்டது. இரண்டு ஆள் ஆழத் தண்ணி அந்த இடத்தில்.

இழுவைக்குத் தலைமை என் மனுசியின் தம்பி. நெஞ்சு வருத்தக்காரன். "அத்தான், கயிறை இளக்குவம்," என்றான். "கிழியிறது கிழியட்டும். நாளைக்குப் பொடியள் வந்து சுழியோடிப் பாக்கட்டும்."

"உன்ர வலையெண்டா இளக்குவாய்."

"என்ர அக்காவும் பொத்தின வலைதான் அத்தான்."

நான் கேட்கவில்லை. பக்கத்துச் சம்மாட்டியின் ஆட்கள் இழுக்கிறதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இறங்குங்கோடா ஒருத்தன்," என்று கத்தினேன். கரைவலையில் சம்மாட்டி கத்துகிறது வழமை. அது ஒருத்தருக்கும் சொல்லுகிறது இல்லை, காற்றுக்குச் சொல்லுகிறது. ஒருத்தரும் அசையவில்லை.

பிறகு நான் திரும்பி அவனைப் பார்த்தேன். சத்தம் போடாமல்தான் சொன்னேன்.

"பெரியவன், இறங்கு."

அவன் என்னைப் பார்த்தான். ஐயா, உங்களுக்குத் தெரியும்தானே என்கிற பார்வை. தெரியும். நான் பார்வையை எடுக்கவில்லை. "இந்த வலை போனா நான் போனன்," என்றேன். அது பொய். கிழிந்தால் இன்னொரு பொத்தல், அவ்வளவுதான்.

அவன் கயிற்றை விட்டான். சட்டையில் குத்தியிருந்த பேர்ப்பட்டியைக் கழற்றிச் சின்னவனின் கையில் வைத்து, அவனுடைய விரல்களை மூடிவிட்டான். சின்னவன் ஆங்கிலத்தில் ஏதோ கெஞ்சினான். பெரியவன் சப்பாத்தைக் கழற்றினான். சட்டையைக் கழற்றவில்லை. கணுக்கால், முழங்கால், இடுப்பு, பிறகு ஆள் இல்லை.

இரண்டு தரம் வெறுங்கையாக மேலே வந்தான். மூன்றாம் தரம் கயிறு என் கையில் தளர்ந்தது. அவன் தலை வெளியே வந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு, சின்னப் பிள்ளையின் சிரிப்பு. அதை நான் மறைக்கக்கூடாது. ஏனென்றால் பிறகு அந்தச் சிரிப்பைத்தான் நான் எனக்குச் சாட்சியாக இழுத்தேன். கரையில் எல்லாரும் கைதட்டினார்கள். சின்னவன் மட்டும் தண்ணியில் கணுக்காலோடு நின்றபடி, மூடின கையைத் திறக்காமல் நின்றான். பெரியவனின் உள்ளங்கையில் இரும்பு கிழித்த காயம். மனுசி ஓடிவந்து சீலைத் தலைப்பால் கட்டினாள். யாரோ போனில் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பியும்விட்டார்கள்.

அன்று பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் நான் சும்மா இருக்கவில்லை. "பாத்தனீங்களே," என்றேன். "ரெண்டு வருசமாக் கடலைத் தொடாதவன். அவன்ர பெரியாக்கள் சொல்லியும் இறங்கமாட்டான். நான் ஒரு சொல்லுச் சொன்னன், இறங்கினவனா இல்லையா?"

"அண்ணை, அந்தப் பொடியனுக்குப் பிரச்சினை வராதே?" என்று கடைக்காரன் கேட்டான்.

"என்ன பிரச்சினை? நான் இருக்கிறன்."

நான் இருக்கிறேன் என்று சொன்னதைப் பத்துப் பேர் கேட்டார்கள்.

படத்தைக் காட்டி ஒருத்தரும் கோள் சொல்லவில்லை. பெரியவன்தான் அன்றைக்கே தன் பொறுப்பாளருக்குப் போன் எடுத்து, நான் கடலில் இறங்கினேன் என்று சொன்னானாம். சனிக்கிழமை அவர் கொழும்பில் இருந்து வந்தார். தமிழ் தெரிந்த ஆள், தன்மையான மனிதர். என் முன்விறாந்தைக் கதிரையில் இருந்து, மடியில் சின்னக் கொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஐயா, அவர் தானாக இறங்கினேன் என்கிறார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. உங்களையும் ஒருக்கால் கேட்கச் சொல்லி மற்றத் தம்பி சொன்னார். நீங்கள் அவரைக் கூப்பிட்டீர்களா?"

என் வாய் தானாகத் திறந்தது. "நாங்கள் பொதுவாக் கத்துறதுதான் ஐயா. எனக்கொண்டும் தெரியாது. கடல்ப் பிள்ளைதானே, ஆசைப்பட்டு இறங்கிட்டான். சிரிச்சுக்கொண்டெல்லோ வந்தவன்."

அவர் எழுதிக்கொண்டார். குசினியில் மனுசி அம்மி அரைத்த சத்தம் நின்றது.

அவர் போன பிறகு அவள் வாசலில் வந்து நின்றாள். "இஞ்சாருங்கோ, தேத்தண்ணிக் கடையில வேற கதையெல்லோ சொன்னீங்களாம்?"

நான் அவர் இருந்த கதிரையைத் தூக்கிச் சுவரோரம் வைத்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். அந்த மனிதர் எனக்கு என்ன செய்துவிடப் போகிறார்? ஒன்றும் இல்லை. ஆனால் கொப்பியோடு வந்து கதிரையில் இருந்து கேள்வி கேட்கிற ஆளுக்கு நான் என் சீவியத்தில் ஒருநாளும் உண்மை சொன்னதில்லை. ஆமிச் சென்றியில் மறித்துக் கேட்டார்கள், தெரியாது என்றேன். கடல் கடந்து போய் இறங்கின கரையில் கேட்டார்கள், தெரியாது என்றேன். முகாமில் மாதம் மாதம் வந்து கேட்டார்கள், ஒன்றும் தெரியாது ஐயா. அந்தச் சொல்லில்தான் நானும் என் பிள்ளைகளும் உயிர் தப்பினோம். எங்களைப் போல வந்த ஆட்களுக்கு அது மூச்சு மாதிரி. கொப்பியைக் கண்டதும் வந்துவிட்டது. ஆனால் இந்தக் கொப்பி வேறு கொப்பி. இதில் நான் உண்மை சொல்லியிருந்தால் ஒருத்தருக்கும் அடி விழுந்திருக்காது, ஒரு பிள்ளைக்குச் சார்பாக இன்னொரு வரி எழுதப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. நாலாம் வகுப்பைச் சாட்டுச் சொல்லலாம், ஆனால் அதுக்கும் இதுக்கும் தொடர்பில்லை.

கடுமையாக ஒன்றும் செய்யவில்லை சபைக்காரர். மிச்ச நாலு மாதத்துக்கும் பெரியவனை மலைநாட்டுப் பக்கம் மாற்றினார்கள். கடல் கண்ணுக்கே தெரியாத இடம். செவ்வாய்க்கிழமை காலமை பஸ்ஸுக்கு நின்றான். பேர்ப்பட்டி திரும்பச் சட்டையில் இருந்தது. கையில் மனுசி மாற்றிக் கட்டின புதுச் சீலைத் துண்டு. நான் தெருவைக் கடந்து போய் நின்றேன்.

"வலை சரியா ஐயா?" என்று கேட்டான்.

"ஓம்," என்றேன்.

பஸ் வந்தது. அவன் குனிந்துதான் உள்ளே ஏறவேண்டியிருந்தது.

சின்னவன் இன்னும் இரண்டு மாதம் புதுத் துணையோடு மேலே இருந்தான். கதவுப் பிடியில் நான் கொழுவிவிட்ட மீன் அப்படியே கிடந்தது, பூனைதான் தின்றது. அவனும் போகிற நாளில் என்னிடம் வந்தான். அவனுடைய தமிழும் அதற்குள் எங்கள் தமிழாகியிருந்தது.

"ஐயா, பெரியவன்ர அப்பா போனில கேட்டவராம், எல்லாம் ஒழுங்கோ எண்டு. ஒரு நாளைத் தவிர எல்லாம் ஒழுங்கு எண்டு சொன்னவனாம்."

"தகப்பன் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லையாம்."

அதைச் சொல்லிவிட்டு, "போட்டு வாறன் ஐயா," என்று போனான்.

நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அதே மூன்றாவது சுவாமிதான், பேர்க்கல் வைத்தவர்.

"என்னட்டச் சொல்லி என்ன? அந்தப் பிள்ளையின்ர ஆக்களிட்டச் சொல்லுங்கோவன்."

"எப்பிடிச் சுவாமி?"

"மதிலுக்கு மூண்டு சுவாமிமாரைப் பிடிச்சு உலுப்பின ஆள் நீங்கள். இதுக்கு வழி தெரியாதோ?"

இப்போது கதை எப்படி நடக்கிறது என்றால், அந்தச் சபைக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பெரியவனைப் புத்திமதியாகச் சொல்லுகிறார்கள். நல்ல பிள்ளை, கடைசி நேரத்தில் கடலைக் கண்டு ஆசையை அடக்கமுடியாமல் விழுந்துவிட்டான், நீங்கள் கவனம் என்று. என் வாடிக்குக் கல் எடுக்க வந்த ஒருத்தி என் முன்னாலேயே தன் மகனுக்குச் சொன்னாள். நான் சீமெந்து குழைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தக் கதையில் நான் இல்லை. ஒரு வலை இருக்கிறது, ஒரு கடல் இருக்கிறது, ஒரு ஆசை இருக்கிறது. சம்மாட்டி இல்லை.

அவன் ஆசைப்பட்டு இறங்கவில்லை. ஆசைப்பட்ட இருபது மாதமும் கணுக்காலோடு நின்றவன். நான் கேட்டதால் இறங்கினான். கேட்டது நான் என்பதை, பொறுப்பாளர் கேட்டபோதும் தகப்பன் கேட்டபோதும், ஒரு தரமும் சொல்லாமல் போனான்.

ஆகவே கேட்கிறேன். மதில் கல்லுக்குக் கேட்டது மாதிரியே கேட்கிறேன், விடமாட்டேன். இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் என் பங்கையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்தப் பொறுப்பாளர் தன் கொப்பியில் நான் சொன்னதை வெட்டிவிட்டு இதை எழுதவேண்டும். இங்கிலீசு தெரிந்தவர்கள் யாரும் இருந்தால் இதை மாற்றி எழுதி, தொங்காவில் இருக்கிற அந்தத் தகப்பனுக்கு அனுப்பவேண்டும்: உங்கள் மகன் ஒரு விதியும் தன்பாட்டுக்கு மீறவில்லை. வலை என்னுடையது. அவனுடைய விதி எனக்குத் தெரியும். "பெரியவன், இறங்கு" என்று சொன்னது நான். அதில் என் பேரைப் போடுங்கோ.